வேர்க்கால்வாயில் ஆன்டிபயாடிக் பேஸ்ட்: எடைபோடுவது முதல் கழுவி எடுப்பது வரை

பல்வேரின் நடுவே ஓடும் வேர்க்கால்வாய்க்குள் வைக்கும் ஆன்டிபயாடிக் பேஸ்ட்டில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. மருந்தை யாரும் எடைபோடுவதில்லை. மூன்று மாத்திரைகளைப் பொடித்து, கண்ணாடித் தட்டில் கெட்டியாகக் குழைத்து, கால்வாய் கொள்ளும் மட்டும் அடைத்துவிடுகிறார்கள். அப்படிக் குழைத்த களிம்பில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் மருந்து இருக்கும். வேர் வளர்ச்சி முடியாத பல்லுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் அளவோ 1 முதல் 5 மில்லிகிராம்தான். கிருமியைக் கொல்ல அதுவே போதும். அதற்கு மேல் சேர்கிற மருந்து வேர்நுனியில் உயிரோடிருக்கும் தண்டு செல்களைக் கொல்கிறது. எந்தச் செல்களை நம்பி, வேரை மீண்டும் வளரவைக்கும் இந்தச் சிகிச்சையைத் தொடங்குகிறோமோ அவற்றையே அழித்துவிடுகிறது.

இது பல்மருத்துவர்களுக்கும் பல்மருத்துவ மாணவர்களுக்கும் எழுதப்பட்டது. பல்வலிக்காக வீட்டில் மாத்திரையைப் பொடித்துச் சொத்தைக்குள் வைப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதை யாரும் செய்ய வேண்டாம்.

எந்தப் பல்லுக்கு, எந்தப் பல்லுக்கு வேண்டாம்

வேர் முழுதாக வளர்ந்த சாதாரணப் பல்லில், பற்கூழ் (பல்லின் உள்ளே இருக்கும் உயிர்த்திசு) இறந்து கிருமி சேர்ந்திருந்தால், இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வைக்க வேண்டியது கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அதன் உயர்ந்த காரத்தன்மை பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், இறந்த திசுவைக் கரைக்க உதவும், கழுவினால் பெருமளவு வெளியே வரும். அங்கே ஆன்டிபயாடிக் பேஸ்ட்டை முதல் தேர்வாக எடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

பேஸ்ட்டுக்கு உண்மையான இடம் மூன்று. முதலாவது, வேர்நுனி திறந்தபடியே பற்கூழ் இறந்துபோன இளம் நிலைப்பல். இதன் சுவர் காகிதம்போல மெல்லியது. ஃபைல் என்ற மெல்லிய அரம்போன்ற கருவியால் சுரண்டினால் உடையும், அதனால் கிருமி நீக்கும் வேலை முழுவதும் கழுவும் திரவத்தின் மேலும் மருந்தின் மேலும் விழுகிறது. இரண்டாவது, வேர் கரையத் தொடங்கிய, இன்னும் சில மாதங்கள் மட்டும் வாயில் இருக்க வேண்டிய பால் கடைவாய்ப்பல். மூன்றாவது, அடிபட்டுக் கழன்று விழுந்து மீண்டும் பொருத்தப்பட்ட பல். அதற்கு ஸ்டீராய்டு கலந்த பேஸ்ட் வேண்டும்.

இளம் நிலைப்பல்லிலும் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. வேர்சிகிச்சை நிபுணர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோடான்டிக் சங்கம் கால்சியம் ஹைட்ராக்சைடு, குறைந்த செறிவுள்ள ஆன்டிபயாடிக் பேஸ்ட் இரண்டையும் ஏற்கிறது. ஐரோப்பிய எண்டோடான்டாலஜி கழகம் 2016-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் கால்சியம் ஹைட்ராக்சைடை மட்டுமே பரிந்துரைத்தது. பல் நிறம் மாறுவது, செல்களுக்கு நஞ்சாவது, ஒவ்வாமை வாய்ப்பு, கால்வாயிலிருந்து மருந்தை எடுப்பதில் உள்ள சிரமம் ஆகியவை அதன் காரணங்கள். நான்குமே நியாயமானவை. எனவே கால்சியம் ஹைட்ராக்சைடில் தொடங்குவதும், கசிவு நிற்காத அல்லது சீழ்த் துளை மூடாத பல்லில் மட்டும் பேஸ்ட்டுக்கு மாறுவதும் பாதுகாப்பான வழி.

பேஸ்ட்டுக்குள் இருப்பவை

கால்வாய்க்குள் ஆன்டிபயாடிக் வைப்பது புதிதல்ல. 1951-இல் அமெரிக்கப் பல்மருத்துவர் கிராஸ்மன் பெனிசிலின், பேசிட்ராசின், ஸ்ட்ரெப்டோமைசின், சோடியம் கேப்ரிலேட் நான்கையும் சேர்த்த பேஸ்ட்டைப் பயன்படுத்தினார். நான்காவது பொருள் பூஞ்சைக்காகச் சேர்க்கப்பட்டது. இதை நினைவில் வைத்திருப்பது நல்லது: இன்றைய மூன்று மருந்துக் கலவையில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. நெடுநாள் திறந்து கிடந்த பல்லில் பேஸ்ட் பலன் தராததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பெனிசிலின் ஒவ்வாமை அபாயத்தால் அந்தப் பழைய பேஸ்ட் பிறகு கைவிடப்பட்டது.

இன்று மூன்று மருந்து பேஸ்ட் என்று சொல்வது ஜப்பானின் நிகாட்டா பல்கலைக்கழகத்தில் ஹோஷினோவின் குழு உருவாக்கி 1996-இல் வெளியிட்ட கலவையை: மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், மினோசைக்ளின். ஒன்று விடுவதை மற்றொன்று பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு மெட்ரோனிடசோல். கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின். இரண்டு வகைகளிலும் பரவலாக வேலை செய்வது மினோசைக்ளின். சொத்தையிலும் கால்வாயிலும் இருக்கும் கிருமிக் கூட்டத்தை ஒற்றை மருந்தால் முழுதாக அழிக்க முடியவில்லை என்பதே மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம்.

மினோசைக்ளின்தான் சிக்கலும்கூட. அது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பல்லில் உள்ள கால்சியத்தோடு பிணைந்து, வெளிச்சம் படும்போது சாம்பல் கலந்த பச்சையாகவும் பழுப்பாகவும் மாறும். மேல் முன்பல்லில் இப்படி ஆனால், உள்ளே நோய் ஆறியிருந்தாலும் நோயாளியின் கண்ணுக்குச் சிகிச்சை தோல்விதான். ஆகவே மினோசைக்ளினை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் சம எடையில் கலப்பது ஒரு வழி. மூன்றாம் இடத்தில் கிளிண்டாமைசின், அமாக்சிசிலின், செஃபக்ளோர் இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. முன்பற்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அமாக்சிசிலினையோ செஃபக்ளோரையோ சேர்த்தால் பெனிசிலின் ஒவ்வாமை பற்றிய கேள்வி திரும்ப வந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

கலவை செய்வது

மருந்தைத் தொடுவதற்கு முன் நோயாளியிடம், குழந்தையானால் பெற்றோரிடம், மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். “ஏதாவது அலர்ஜி உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். டெட்ராசைக்ளின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் வகை, மெட்ரோனிடசோல் என ஒவ்வொன்றாகச் சொல்லி, முன்பு எடுத்ததுண்டா, தடிப்போ அரிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். பல் நிறம் மாறலாம் என்பதையும் அப்போதே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

மருந்துக் கலவை செய்து தரும் மருந்தாளுநரிடம் தூய பொடியாக வாங்குவதே சிறந்தது. மாத்திரையிலிருந்து எடுக்கும்போது இரண்டு தொல்லைகள் உண்டு. 500 மில்லிகிராம் என்று அட்டையில் போட்ட மாத்திரையின் மொத்த எடை 500 அல்ல. ஸ்டார்ச், செல்லுலோஸ், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து அதைவிட அதிகம். பொடியை எடைபோட்டு “100 மில்லிகிராம் மருந்து” என்று எடுத்தால் உண்மையில் குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டாவது, அந்த நிரப்புப் பொருட்கள் நீரில் கரையாமல் ஊசியை அடைக்கும், கால்வாயிலும் தங்கும்.

மாத்திரை தவிர வேறு வழியில்லை என்றால், மேல்பூச்சைக் கத்தி முனையால் முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கல்வத்தில் நைசாகப் பொடியுங்கள். காப்ஸ்யூலானால் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் எடுங்கள். பொடியின் மொத்த எடையை அளந்து விகிதம் போடுங்கள். எடுத்துக்காட்டாக, 500 மில்லிகிராம் மருந்துள்ள மாத்திரைப் பொடி 750 மில்லிகிராம் எடை வந்தால், 100 மில்லிகிராம் மருந்துக்கு 150 மில்லிகிராம் பொடி எடுக்க வேண்டும். 1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இளம் நிலைப்பல்லுக்கு 1 மில்லிகிராம் செறிவில் கலவை செய்யும் முறை:

1. மூன்று மருந்திலும் 100 மில்லிகிராம் வீதம் எடுத்துச் சேர்த்தால் 300 மில்லிகிராம்.
2. அதை 30 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய வடிநீரில் கரைத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு மொத்தம் 10 மில்லிகிராம்.
3. அதிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து 9 மில்லிலிட்டர் வடிநீரோடு சேர்த்தால் 1 மில்லிகிராம். 5 மில்லிகிராம் வேண்டுமானால் இரண்டாம் படியின் கரைசலையும் வடிநீரையும் சம அளவில் கலந்தால் போதும்.
4. இது தண்ணீராகத்தான் இருக்கும், கால்வாயில் நிற்காது. 10 மில்லிலிட்டருக்கு 0.8 கிராம் கிருமி நீக்கிய மெத்தில்செல்லுலோஸ் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கிக் குளிரவைத்தால் 8 சதவீத ஜெல்லாகும். ஊசியில் ஏற்றலாம், கால்வாய்ச் சுவரில் ஒட்டி நிற்கும்.

பேஸ்ட் என்ற பெயரைக் கேட்டு, கெட்டியாக இல்லையே என்று இன்னும் பொடி சேர்க்கிறவர்கள் இந்த நான்காம் படியில்தான் தவறுகிறார்கள். கெட்டித்தன்மை ஜெல்லிலிருந்து வர வேண்டும், மருந்திலிருந்து வரக் கூடாது.

தேவையானதை அன்றைக்கே கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். பொடிகளைத் தனித்தனியாக, காற்றும் வெளிச்சமும் புகாத குப்பியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். நிறம் மாறிய மினோசைக்ளினும் ஈரம் ஏறிக் கட்டியான பொடியும் பயன்படாது.

முதல் சந்திப்பு

மரக்கவைக்கும் ஊசி, எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் திரை, திறப்பு. இவற்றில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. டேம் போடாமல் இதைச் செய்யக் கூடாது என்பதைத் தவிர.

திறந்ததும் வேலை நீளத்தை, அதாவது கருவி உள்ளே போக வேண்டிய ஆழத்தை, எக்ஸ்ரேயில் உறுதி செய்யுங்கள். அகன்ற திறந்த நுனியில் நீளம் அளக்கும் மின்னணுக் கருவி தவறான எண் காட்டும். பிறகு கழுவுதல். கிருமி நீக்கத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு கால்வாய்க்கு 20 மில்லிலிட்டர், 5 நிமிடத்தில். ஊசியின் முனை மூடியிருக்க வேண்டும், பக்கவாட்டில் துளை இருக்க வேண்டும், நுனி வேர் முடிவிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். ஊசி எந்த இடத்திலும் சுவரில் சிக்கிக் கொள்ளக் கூடாது. சிக்கிய ஊசியை அழுத்தினால் திரவம் திறந்த நுனி வழியே திசுக்குள் பாயும். கடும் வலி, நிமிடங்களில் வீக்கம், உள்ளே ரத்தக்கட்டு என்று அது முடியும். செறிவைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் ஆசையும் வேண்டாம். அதிகச் செறிவு ஹைப்போகுளோரைட் தண்டு செல்களைக் கொல்லும்.

ஹைப்போகுளோரைட் முடிந்ததும் சலைன், அல்லது கால்சியத்தைப் பிணைத்து எடுக்கும் ஈடிடிஏ திரவம் 17 சதவீதத்தில் 20 மில்லிலிட்டர், 5 நிமிடம். குளோர்ஹெக்சிடினை இந்த வரிசையில் நுழைக்க வேண்டாம். ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகி, பல்லின் உட்சுவரான டென்டினில் உள்ள நுண்குழல்களை அடைக்கும்.

பேப்பர் பாயிண்ட் என்ற உறிஞ்சும் காகிதக் குச்சியால் உலர்த்துங்கள். கடைசிப் பாயிண்ட்டின் நுனியைப் பாருங்கள். ஈரமும் சீழும் தொடர்ந்து வந்தால் இன்னும் கழுவ வேண்டும். கசிந்துகொண்டே இருக்கும் கால்வாயில் வைத்த மருந்து நீர்த்துப்போகும், 1 மில்லிகிராம் என்று அளந்ததற்கு அர்த்தம் இருக்காது.

மினோசைக்ளின் இருக்கும் கலவையானால், மருந்து வைப்பதற்கு முன் பற்கூழ் அறையின் சுவர் முழுவதும் டென்டின் பாண்டிங் பூசி ஒளியால் இறுக்கிக் கொள்ளுங்கள். பூசும்போது கால்வாய் வாய் அடைபடாமலிருக்க, உள்ளே ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சா குச்சி ஒன்றை நிறுத்தி வைத்துப் பிறகு எடுக்கலாம். நிற மாற்றத்தை இது குறைக்கும், முழுதாகத் தடுக்காது.

இப்போது மருந்து. ஜெல்லை சிரிஞ்சில் ஏற்றி, முனை மழுங்கிய ஊசியை வேலை நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக இறக்கி, மெல்ல அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுங்கள். கீழிருந்து மேலாக நிரம்பினால் காற்றுக் குமிழி மாட்டாது. திறந்த நுனியுள்ள பல்லில் லென்டுலோ என்ற சுருள் கம்பிக் கருவியைப் போட்டுச் சுழற்றினால் மருந்து நுனி தாண்டிப் போகும், ஆகவே வேண்டாம். எனாமலும் சிமென்டமும் சந்திக்கும் கோட்டுக்குக் கீழேயே மருந்து நிற்க வேண்டும். மேலே ஏறியதை ஈரப் பஞ்சால் துடைத்து, அறையைச் சலைனால் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் படலம் கொஞ்சம் இருந்தாலும் மறுபடி துடைக்க வேண்டும். பல்லின் மேற்பகுதி கறுப்பதற்கு அந்தப் படலமே போதும்.

தற்காலிக அடைப்பு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். அதற்குக் குறைந்தால் எச்சில் கசிந்து உள்ளே போய், மருந்து போட்ட வாரமே புதுக் கிருமி குடியேறும். அடியில் பெரிய பஞ்சு உருண்டை வைத்து இடத்தை விழுங்கிவிடுவதும், பஞ்சு நார் அடைப்பின் ஓரத்தில் சிக்கி எச்சிலுக்குத் திரிபோல வழிகாட்டுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. பஞ்சுக்குப் பதில் மெல்லிய டெஃப்லான் நாடாத் துண்டு நல்லது. கடிக்கும் பரப்பில் சுமை விழும் பல்லுக்குக் கிளாஸ் அயனோமர் சிமென்ட் போடுங்கள்.

எத்தனை நாள்? 1 முதல் 4 வாரம். நோயாளி வரவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் விட்டுவிடும் மருந்து இதுவல்ல. கெட்டிப் பேஸ்ட் அமிலத்தன்மை கொண்டது. நீண்ட நாள் இருந்தால் டென்டினிலிருந்து தாதுவை இழுத்து, ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் வேரை மேலும் மென்மையாக்கும். அடுத்த தேதியைக் கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, நினைவூட்டிக் கூப்பிடவும் வேண்டும்.

இரண்டாம் சந்திப்பு: எடுப்பதும் ரத்தம் வரவழைப்பதும்

முதலில் வெளியே பாருங்கள். வீக்கம் வடிந்ததா, சீழ்த் துளை மூடியதா, தட்டினால் வலிக்கிறதா. இவற்றில் ஒன்று மிச்சமிருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாமல், கழுவி மறுபடி மருந்து வையுங்கள். அதே மருந்தா வேறா என்று யோசிப்பதற்கு முன், அடைப்பு கசிந்ததா, கால்வாய் ஏதும் தவறிவிட்டதா, வேரில் விரிசல் உள்ளதா என்று தேடுங்கள். மருந்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போகும் பல்லில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் மறைந்திருக்கும்.

எல்லாம் ஆறியிருந்தால், ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து சேராத 3 சதவீத மெப்பிவக்கேன் கொடுத்து மரக்கவையுங்கள். எபிநெஃப்ரின் கலந்ததைக் கொடுத்துவிட்டு ரத்தம் வரவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை.

பேஸ்ட்டை வெளியே எடுப்பது சொல்வதுபோல எளிதல்ல. மூன்று மருந்து பேஸ்ட் டென்டின் குழல்களுக்குள் ஆழமாக ஊறி, கழுவியபின்னும் பெரும்பகுதி உள்ளேயே தங்குவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கால்சியம் ஹைட்ராக்சைடோ பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே குறைந்த செறிவில் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. 17 சதவீத ஈடிடிஏ 20 மில்லிலிட்டர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். சுவரைத் தொடாமல் அல்ட்ராசோனிக் முனையை உள்ளே அதிரவிட்டால் இன்னும் கொஞ்சம் வரும். இந்த நாளில் ஹைப்போகுளோரைட் வேண்டாம், கடைசித் திரவம் ஈடிடிஏவாகவே இருக்கட்டும். டென்டினில் உறங்கும் வளர்ச்சிக் காரணிகளை அது வெளிக்கொண்டு வருகிறது.

உலர்த்தியபின், முன்பே வளைத்த கே ஃபைலை வேர்நுனிக்கு 2 மில்லிமீட்டர் வெளியே செலுத்திச் சுழற்றி ரத்தம் வரவழையுங்கள். தண்டு செல்கள் அந்த ரத்தத்தோடுதான் கால்வாய்க்குள் வரும். மேலே மூடும் பொருளுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் இடம் விட்டு ரத்தம் நின்று உறையட்டும். உறைந்ததன் மேல், தேவைப்பட்டால் கரையும் கொலாஜன் துண்டு வைத்து, எம்டிஏ அல்லது பிற கால்சியம் சிலிகேட் சிமென்ட். அதற்கு மேல் கிளாஸ் அயனோமர், பிறகு நிரந்தர அடைப்பு. எம்டிஏவும் பல்லைக் கறுக்கவைக்கும் என்பதால், முன்பல்லில் நிறம் மாற்றாத சிமென்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பால் கடைவாய்ப்பல்

இங்கே முறையே வேறு. கால்வாய்க்குள் ஃபைலே போவதில்லை. அறையின் கூரையை எடுத்து, இறந்த பற்கூழை அகற்றி, ஒவ்வொரு கால்வாய் வாயிலும் 1 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் ஆழத்தில் குழி போட்டு, கழுவி உலர்த்தி, அந்தக் குழியில் மருந்தை வைத்துக் கிளாஸ் அயனோமரால் மூடி, மேலே உலோகத் தொப்பி போடுவார்கள். மருந்து தானே கீழே ஊறிச் செல்ல வேண்டும். அதனால்தான் மக்ரோகாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் சம அளவில் கலந்த களிம்பில் குழைக்கிறார்கள். புரோப்பிலீன் கிளைக்கால் டென்டினுக்குள் வேகமாக ஊடுருவும். மருந்துப் பொடி 7 பங்குக்குக் களிம்பு 1 பங்கு என்பது ஜப்பானிய முறையின் வழக்கமான பதம். இளம் நிலைப்பல்லின் மெல்லிய செறிவுக் கணக்கு இங்கே பொருந்தாது.

அமெரிக்கக் குழந்தைப் பல்மருத்துவ அகாடமியின் 2020 வழிகாட்டுதல் இரண்டு எல்லைகளை வைக்கிறது. வேர் கரைந்திருக்கும் பல்லை அதிகபட்சம் 12 மாதம் வரை காப்பாற்ற வேண்டிய தேவை இருந்தால் மட்டும் இந்த முறை. வேர் நன்றாக இருந்து பல் அதற்கு மேலும் நிற்க வேண்டுமென்றால் முழுப் பற்கூழ் நீக்கமே செய்ய வேண்டும். மேலும் கலவையில் டெட்ராசைக்ளின் வகை இருக்கக் கூடாது. ஆகவே பழைய குறிப்புகளில் காணும் மினோசைக்ளின் கலவையைப் பால்பல்லுக்கு அப்படியே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

கழன்று விழுந்து மீண்டும் பொருத்திய பல்

வேர் முழுதாக வளர்ந்த நிலைப்பல் கழன்று விழுந்து பொருத்தப்பட்டால், 2 வாரத்துக்குள் வேர்சிகிச்சை தொடங்க வேண்டும். இங்கே எதிரி கிருமி மட்டுமல்ல. அழற்சியால் வேரைத் தின்னும் செல்களையும் அடக்க வேண்டும். டெமெக்ளோசைக்ளினும் 1 சதவீதம் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த லெடர்மிக்ஸ் பேஸ்ட் 1960-களிலிருந்து இந்த வேலைக்குப் பயன்படுகிறது. அதுவும் டெட்ராசைக்ளின் குடும்பம்தான், பல்லை நிறம் மாற்றும். கிளிண்டாமைசினும் ட்ரையாம்சினலோனும் கலந்த ஓடோன்டோபேஸ்ட்டில் அந்தத் தொல்லை குறைவு.

சர்வதேசப் பல்காய அமைப்பின் 2020 வழிகாட்டுதல்படி, இத்தகைய பேஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தால் பல்லைப் பொருத்திய உடனே அல்லது சீக்கிரமே வைத்து, குறைந்தது 6 வாரம் விட வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் 1 மாதம் வரை. வேர் வளர்ந்த பல் என்பதால் இங்கே லென்டுலோ பயன்படுத்தலாம். மெதுவான வேகத்தில், வலமாகச் சுழற்றி, நுனிக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். சுழலும்போதே உள்ளே இறக்கி, சுழலும்போதே வெளியே எடுங்கள். நின்ற நிலையில் இழுத்தால் உள்ளே முறியும்.

பின்பு கவனிக்க வேண்டியவை

மருந்து வைத்த மறுநாள் வலி கூடினால், பெரும்பாலும் மருந்தோ திரவமோ நுனி தாண்டியிருக்கும், அல்லது தற்காலிக அடைப்பு உயரமாக நின்று கடிபடும். முதலில் கடியைச் சரிபாருங்கள். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாமல் பல்லில் மட்டும் வலி என்றால், வாய்வழி ஆன்டிபயாடிக் எழுதுவது வலிக்கு மருந்தாகாது. உதடு வீங்குவது, உடலில் தடிப்பு, மூச்சிறைப்பு என்றால் ஒவ்வாமை. டேமை எடுத்து, மருந்தைக் கழுவி அகற்றி, அவசரச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

நிறம் மாறிவிட்டால், உள்ளிருந்து வெளுக்கச் சோடியம் பெர்போரேட்டை அறைக்குள் வைத்துச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றும் முறை உதவும். முழு நிறமும் திரும்பும் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இளம் நிலைப்பல்லில் 6, 12, 24 மாதங்களில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர்நுனியின் கறுப்பு நிழல் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் மறையும். சுவர் தடிப்பது 12 முதல் 24 மாதத்துக்குள் தெரியலாம், வேர் நீளுவது அதற்கும் பிறகு. நிழல் மறைந்து, வலியும் இல்லாமல், ஆனால் வேர் வளராமல் நின்றுவிட்டால் அந்தப் பல்லை மறுபடி திறக்க வேண்டியதில்லை. நிழல் பெரிதாகிக்கொண்டே போனாலோ சீழ்த் துளை திரும்ப வந்தாலோ, எம்டிஏவால் வேர்நுனியை அடைக்கும் முறைக்கு மாறுங்கள்.